கல்லீரல் வடுவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: எந்த மேம்பாடு, யாருக்கு, எப்போது?

"அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் வடு முற்றிவிட்டது. ஒரு இடத்தில் கை நரம்பு வழியாக ஸ்டெம் செல் ஏற்றுகிறோம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் கல்லீரல் தமனிக்குள்ளேயே செலுத்துவதுதான் மேம்பட்ட முறை என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் செல்லே வேண்டாம், செல் வெளியிடும் எக்சோசோம் என்ற சிறு பைகளே போதும் என்கிறார்கள். எதை எடுப்பது?"

இந்த மாதிரிக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடும் மாணவர்களும் இதையேதான் வேறு சொற்களில் கேட்கிறார்கள்: செல்லைப் பழக்கி வலுவாக்குவதா, மரபணுவை மாற்றுவதா, வேறு செல்லுக்கே போய்விடுவதா? செல் வளர்ப்புக் கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தில், இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லீரல் வடுவுக்கு ஸ்டெம் செல் என்பது இன்னும் வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை. கீழே வரும் எல்லாமே மருத்துவ ஆய்வு நிலையிலோ விலங்கு நிலையிலோ இருப்பவை. யாராவது "நிரூபிக்கப்பட்ட சிகிச்சை" என்று விற்றால் அந்தச் சொல்லையே கேள்வி கேளுங்கள்.

## வடு எங்கே உருவாகிறது

கல்லீரல் செல்களுக்கும் அவற்றை ஒட்டி ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. அங்கே வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருப்பவை நட்சத்திர வடிவச் செல்கள், ஆய்வாளர்கள் வாயில் ஸ்டெல்லேட் செல்கள். வைரஸ், மது, கொழுப்பு, பித்த அடைப்பு என்று ஏதோ ஒன்று கல்லீரலைத் தொடர்ந்து புண்படுத்தினால், டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகள் இந்தச் செல்களை எழுப்பிவிடுகின்றன. அவை வைட்டமின் ஏ-யை இழந்து, சுருங்கி விரியும் நார்ச் செல்களாக மாறி, வடுவின் நார்ப்பொருளான கொலாஜனை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. கொலாஜனைக் கரைக்கும் நொதிகளும் கல்லீரலில் இருக்கின்றன. ஆனால் அந்த நொதிகளைத் தடுக்கும் பொருளையும் இதே செல்கள் சுரக்கின்றன. இழைகள் சேர்கின்றன, கரைவதில்லை. நாளாக ஆக அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து இறுகுகின்றன. பழைய வடுவைக் கரைப்பது புதிய வடுவைக் கரைப்பதைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான்.

வடு திரும்பவே திரும்பாது என்பது பழைய எண்ணம். ஹெப்பாடைட்டிஸ் பி நோயாளிகளுக்கு வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மருந்தைக் கொடுத்து ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடி திசு எடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாம் ஆண்டில் சிரோசிஸ் இல்லை. ஒரு ஸ்டெம் செல்கூட ஏற்றாமல், வைரஸை அடக்கியதாலேயே நடந்தது இது.

அதனால் எந்த மேம்பட்ட முறையைப் பற்றிப் பேசினாலும் காரணத்தை நிறுத்தியாயிற்றா என்பதே முதல் கேள்வி. ஊற்றுக்கண்ணை அடைக்காமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தால் எந்த எந்திரம் வைத்து இறைத்தால் என்ன?

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை.

போய்ச் சேருகிறதா? உடலில் ஏற்றிய செல்லில் எவ்வளவு கல்லீரலை அடைகிறது.

நிலைக்கிறதா? வீக்கமும் ஆக்சிஜன் குறைவும் உள்ள இடத்தில் எத்தனை நாள் உயிரோடு இருந்து வேலை செய்கிறது.

வடுவைத் தொடுகிறதா? ரத்தப் பரிசோதனை எண்கள் மாறுவது ஒன்று, கொலாஜன் குறைவது வேறு.

என்ன ஆபத்து? குறிப்பாக ரத்தம் உறைதல், தொற்று, புற்றுநோய். சிரோசிஸ் வந்த கல்லீரல் ஏற்கெனவே புற்றுநோய்க்கு ஏதுவான நிலம். அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்ய முடிகிறதா? இன்று தயாரித்ததும் அடுத்த மாதம் தயாரிப்பதும் ஒரே தரமா, அதற்கு எவ்வளவு நாளும் ஆளும் வேண்டும் என்பது. மறைமுகச் செலவு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது அளவுகோலில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஃபைப்ரோஸ்கேன் அளப்பது கல்லீரலின் விறைப்பை. வீக்கம் இருந்தாலும் விறைப்பு கூடும். மதுவை நிறுத்திய சில வாரங்களிலேயே அந்த எண் இறங்கிவிடலாம். வடு கரைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, வீக்கம் வடிந்திருக்கிறது. மெல்ட் மதிப்பெண், சைல்ட்-பியூ மதிப்பெண் இரண்டும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்பவை, வடுவின் அளவைச் சொல்பவை அல்ல. திசு எடுத்துப் பார்ப்பதுதான் நேரடி வழி. ஆனால் ஊசியில் வருவது மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000-ல் ஒரு பங்கு. வடு அதிகமுள்ள இடத்தில் முதல்முறையும் குறைந்த இடத்தில் மறுமுறையும் ஊசி போனால் தானாகவே "முன்னேற்றம்" தெரியும். ஒரே ஒரு அளவை மட்டும் காட்டி "வடு குறைந்தது" என்பவரிடம் மற்ற அளவுகளையும் கேளுங்கள்.

## அடிப்படை: எந்த மேம்பாடும் செய்யாத செல்

மேம்பாடு என்றால் எதைவிட மேம்பாடு? பெரும்பாலான ஆய்வுகளில் பயன்படுவது மீசென்கைமல் ஸ்டெம் செல். எலும்பு மஜ்ஜை, தொப்புள் கொடி, கொழுப்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பது. பலர் நினைப்பதுபோல இது கல்லீரல் செல்லாக மாறி வேலை செய்வதில்லை, அல்லது மிகக் குறைவாகவே மாறுகிறது. அது சுரக்கும் பொருள்கள்தான் வீக்கத்தைத் தணிக்கின்றன, ஸ்டெல்லேட் செல்களை அடக்குகின்றன, மிச்சமிருக்கும் கல்லீரல் செல்களைக் காப்பாற்றுகின்றன. 1991-ல் இதற்கு "மீசென்கைமல் ஸ்டெம் செல்" என்று பெயர் வைத்த ஆர்னால்ட் கேப்லனே 2017-ல் அந்தப் பெயரை மாற்றி, "மருந்துச் சமிக்ஞை தரும் செல்" என்ற பொருளில் வேறு பெயர் வைக்கச் சொன்னார்.

மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் கலவையானவை. கொரியாவில் மது காரணமாக சிரோசிஸ் வந்த 72 பேரிடம் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், நோயாளியின் சொந்த மஜ்ஜைச் செல்களைக் கல்லீரல் தமனி வழியாக ஒருமுறையோ இருமுறையோ கொடுத்தார்கள். திசுவில் கொலாஜன் பரப்பு ஒருமுறை பெற்றவர்களிடம் 25 சதவீதமும் இருமுறை பெற்றவர்களிடம் 37 சதவீதமும் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு.

அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிரிட்டனில் 81 பேரிடம் நடந்து 2018-ல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்கொண்டது வேறு வகைச் செல்லை. மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சி.எஸ்.எஃப் மருந்து கொடுத்து, ரத்தத்துக்கு வந்த, சி.டி.133 என்ற அடையாளப் புரதம் கொண்ட ஸ்டெம் செல்களைப் பிரித்துத் திரும்ப ஏற்றினார்கள். கல்லீரல் செயல்பாடும் மேம்படவில்லை, வடுவும் குறையவில்லை. பக்க விளைவுகள் மட்டும் கூடின. ஆக, "ஸ்டெம் செல்" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைக்கக் கூடாது. எந்தச் செல், எந்த வழி, எந்த நோயாளி என்று பிரித்தே பேச வேண்டும்.

## வழி 1: செலுத்தும் பாதையை மாற்றுவது

கை நரம்பில் ஏற்றிய செல் முதலில் இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. வளர்ப்புத் தட்டில் வளர்ந்த மீசென்கைமல் செல் சுமார் 15 முதல் 30 மைக்ரோமீட்டர் பெரியது. நுரையீரலின் நுண்குழாய் அதைவிடக் குறுகலானது. அதனால் பெரும்பங்கு அங்கேயே சிக்கிக்கொள்கிறது. சிக்கிய செல்லும் அங்கிருந்தபடியே சில பொருள்களைச் சுரந்து உதவலாம், முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கல்லீரலைச் சேர்வது சிறு பகுதிதான்.

கல்லீரல் தமனி வழியாகக் கொடுத்தால் நுரையீரல் தடையைத் தாண்டிவிடலாம். தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் நுழைத்து எக்ஸ்ரே பார்த்தபடி கல்லீரல் வரை கொண்டுபோக வேண்டும். அதற்குச் சாயம் செலுத்த வேண்டும். முற்றிய சிரோசிஸில் சிறுநீரகமும் பலவீனமாக இருப்பது சகஜம், சாயம் அதைச் சோதிக்கும். ரத்தம் உறைவதும் தாறுமாறாக இருப்பதால் குழாய் போட்ட இடத்தில் கசிவு வரலாம்.

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கொண்டுபோவது போர்ட்டல் சிரை. அதன் வழியாகச் செலுத்துவது ஏட்டளவில் இன்னும் நேரான பாதை. நடைமுறையில் எனக்கு மிகவும் தயக்கம் தருவதும் அதுதான். சிரோசிஸில் அந்தச் சிரையில் ஏற்கெனவே அழுத்தம் அதிகம், ஓட்டம் மந்தம். மீசென்கைமல் செல்லின் மேற்பரப்பில் ரத்தத்தை உறையவைக்கும் திசுக் காரணி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சிரை அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அடைத்தால் அழுத்தம் இன்னும் ஏறி, உணவுக்குழாயில் புடைத்திருக்கும் நரம்பு வெடித்து ரத்தப்போக்கு வரலாம்.

எப்போது நல்லது: செயல்பாடு இன்னும் ஓரளவு தாக்குப்பிடிக்கிற, சிறுநீரகம் நன்றாக உள்ள, அனுபவமுள்ள குழு கிடைத்த நோயாளிக்குத் தமனி வழி. வயிற்றில் நீர் கோத்து, சிறுநீரகமும் தடுமாறுபவருக்குக் கை நரம்பே பாதுகாப்பு.

## வழி 2: செல்லைப் பழக்கி வலுவாக்குவது

இது எனக்கு மனதுக்கு நெருக்கமான வழி. ஏன் என்று சொல்ல ஒரு காட்சி போதும்.

திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த குப்பியை 37 டிகிரி தண்ணீரில் பிடித்து மெதுவாக ஆட்டுவோம். ஒன்றிரண்டு நிமிடத்தில் உள்ளே கடுகளவு பனிக்கட்டி மட்டும் மிச்சம் இருக்கும். அப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு துளியில் டிரைபன் நீலச் சாயம் கலந்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாமல் பளிச்சென்று வட்டமாக நிற்கும், செத்தது நீலமாக ஊறிப்போயிருக்கும். ஒரு நாள் எங்கள் குப்பி ஒன்றில் கிட்டத்தட்ட பாதிப் பார்வைப் பரப்பும் நீலம். உறைய வைத்தபோது வெப்பம் சீராக இறங்கவில்லை, அவ்வளவுதான் தவறு. குப்பியின் மேல் ஒட்டிய தாளில் இருந்த செல் எண்ணிக்கையோ அப்படியேதான் இருந்தது. அந்தக் குப்பியை ஒரு நோயாளிக்கு ஏற்றியிருந்தால் தாளில் உள்ள எண்தான் கோப்பில் பதிவாகியிருக்கும். அன்றிலிருந்து "எத்தனை லட்சம் செல்" என்று யாராவது சொன்னால், "உருக்கிய பிறகு எத்தனை?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

சரி, உயிரோடு போன செல்லும் கல்லீரலுக்குள் நீடிப்பதில்லை. பெரும்பாலானவை சில நாட்களில் மறைந்துவிடுகின்றன. பழக்குதல் என்பது இதற்கான தயாரிப்பு. மூன்று விதம் புழக்கத்தில் உள்ளது.

ஒன்று, ஆக்சிஜனைக் குறைத்து வளர்ப்பது. சாதாரண வளர்ப்புப் பெட்டியில் காற்றில் உள்ளதுபோல சுமார் 20 சதவீத ஆக்சிஜன் இருக்கும். மஜ்ஜைக்குள் இயற்கையில் இருப்பது அதில் சிறு பங்குதான். 1 முதல் 5 சதவீதத்தில் ஓரிரு நாள் வைத்தால் செல் தன்னைக் காத்துக்கொள்ளும் புரதங்களையும், ஹெச்.ஜி.எஃப் போன்ற கல்லீரலுக்கு உதவும் காரணிகளையும் அதிகம் சுரக்கிறது.

இரண்டு, இன்டர்ஃபெரான்-காமா போன்ற வீக்கச் சமிக்ஞையை முன்கூட்டியே காட்டுவது. செல்லின் வீக்கம் தணிக்கும் குணம் இதனால் விழித்துக்கொள்கிறது. இதற்கு ஒரு மறைமுக விலை உண்டு: எதிர்ப்பு மண்டலம் அந்நியனை அடையாளம் காணும் ஹெச்.எல்.ஏ மூலக்கூறுகளும் செல்லின் மேல் கூடிவிடுகின்றன. வேறொருவரிடமிருந்து எடுத்த செல் என்றால் உடல் அதைச் சீக்கிரமே ஒழிக்கலாம்.

மூன்று, தட்டையாக வளர்க்காமல் சிறு உருண்டைகளாகத் திரட்டி வளர்ப்பது. வீக்கம் தணிக்கும் டி.எஸ்.ஜி-6 புரதம் இதனால் கூடுவதை 2010-லேயே காட்டியிருக்கிறார்கள். உருண்டை பெரிதானால் நடுவிலுள்ள செல் பட்டினியில் சாகும். அப்படியே ரத்தத்தில் செலுத்தினால் குழாயையும் அடைக்கும். அதனால் மறுபடி பிரித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

பழக்குதலின் பெரிய நன்மை, மரபணுவைத் தொடாமலே பலன் தேடுவது. பெரிய குறை, பழக்கம் தற்காலிகம். சாதாரணச் சூழலுக்குத் திரும்பியதும் சில நாட்களில் மங்கிவிடுகிறது. கடைசி நாளில் பழக்கி, உறைய வைக்காமல் புதிதாகவே கொடுக்க வேண்டிய கட்டாயம் வரலாம். அப்படியென்றால் தயாரிக்கும் இடமும் நோயாளியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எப்போது நல்லது: ஏற்கெனவே ஒழுங்காக மீசென்கைமல் செல் தயாரிக்கும் கூடம் இருந்தால் முதலில் சேர்க்க வேண்டிய மேம்பாடு இதுதான். புதிதாக ஆராய்ச்சி தொடங்கும் மாணவருக்கும் இதையே சொல்வேன்.

## வழி 3: மரபணுவை மாற்றுவது

ஹெச்.ஜி.எஃப் அதிகம் சுரக்கும்படியோ, கொலாஜனைக் கரைக்கும் எம்.எம்.பி-1 நொதியை உற்பத்தி செய்யும்படியோ செல்லை மாற்றி விலங்குகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வடு நன்றாகவே குறைகிறது. பழக்குதலைவிட விளைவு நீடிக்கிறது.

ஆனால் ஹெச்.ஜி.எஃப் கல்லீரல் செல் பெருகச் சொல்லும் சமிக்ஞை. அதே சமிக்ஞைப் பாதையைக் கல்லீரல் புற்றுநோயும் பயன்படுத்துகிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டி ஏற்கெனவே இருக்கக்கூடிய கல்லீரலில், நிறுத்த முடியாத பெருக்கச் சமிக்ஞையைக் கொண்டுபோய் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. வைரஸ் வழியாக மரபணு நுழைத்தால் அது எங்கே போய் உட்காரும் என்ற கவலை தனி. பல ஆண்டுக் கண்காணிப்பு வேண்டும், அந்தச் செலவை யாரும் முதலில் சொல்வதில்லை.

எப்போது நல்லது: ஆய்வுக்கூடத்தில், எந்தக் காரணி உண்மையில் வேலை செய்கிறது என்று பிரித்துக் கண்டுபிடிக்க. நோயாளிக்கு இப்போதைக்கு இதைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

## வழி 4: செல்லை விட்டுவிட்டு எக்சோசோம்

செல் சுரப்பதுதான் வேலை செய்கிறது என்றால், சுரப்பை மட்டும் கொடுத்தால் என்ன? நியாயமான கேள்வி. எக்சோசோம் என்பது செல் வெளியிடும் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள சிறு பை. உள்ளே புரதமும் மைக்ரோ ஆர்.என்.ஏ-யும் இருக்கும். நுரையீரலில் சிக்காது. நரம்பில் ஏற்றினால் இயல்பாகவே கல்லீரலிலும் மண்ணீரலிலும் சேரும். உயிருள்ள பொருள் அல்ல என்பதால் பெருகிக் கட்டியாகும் பயமில்லை. எலிகளில் வடு குறைவதைப் பல குழுக்கள் காட்டியிருக்கின்றன.

சிக்கல் அளவில்தான். ஒரு மருந்து என்றால் எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல முடியும். இங்கே ஒருவர் துகளை எண்ணுகிறார், இன்னொருவர் புரதத்தை அளக்கிறார், மூன்றாமவர் எத்தனை செல்லிலிருந்து எடுத்தது என்கிறார். பிரித்தெடுக்கும் முறை மாறினால் உள்ளே இருப்பதும் மாறுகிறது. அப்புறம், சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்: கிழடு தட்டிய செல்லிலிருந்து எடுத்த எக்சோசோமும் அதன் குணத்தையே சுமந்து வரும். உடலிலிருந்து சீக்கிரம் நீங்கிவிடுவதால் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக் கட்டணத்தை மட்டும் பார்த்து "செல்லைவிட மலிவு" என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, அனுமதியில்லாத எக்சோசோம் பொருள்களால் சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்ததை அடுத்து 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கையே விட்டது. இன்று விளம்பரத்தில் மிக வேகமாக ஓடுவதும் மனித ஆதாரத்தில் மிகவும் பின்தங்கியிருப்பதும் இதுதான். எனக்கு இது வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் அறிவியல் நோக்கில் நல்ல யோசனை.

எப்போது நல்லது: பதிவு செய்யப்பட்ட, கட்டணமில்லாத ஆய்வில் மட்டும்.

## வழி 5: மேக்ரோபேஜ்

கண்டிப்பாகச் சொன்னால் இது ஸ்டெம் செல் அல்ல. இருந்தும் இந்த ஒப்பீட்டில் இதை விட முடியாது. வடுவை உருவாக்கத் தூண்டுவதிலும் அதைக் கரைப்பதிலும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்களுக்குப் பங்கு உண்டு. காயத்தின் பிந்தைய கட்டத்தில் ஒரு வகை மேக்ரோபேஜ், கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, சிதைந்த குப்பையைத் தின்று சுத்தம் செய்வதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மீசென்கைமல் செல் வடு உருவாவதை அடக்குகிறது. மேக்ரோபேஜ் இருக்கும் வடுவையே கரைக்கப் போகிறது. நோக்கமே வேறு.

எடின்பரோவில் ஸ்டூவர்ட் ஃபோர்ப்ஸ் குழு இதை நோயாளிகளிடம் கொண்டுவந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற வெள்ளணு வகைச் செல்களைப் பிரித்து, ஏழு நாள் வளர்த்து மேக்ரோபேஜ் ஆக்கி, கை நரம்பு வழியாகவே திருப்பிக் கொடுக்கிறார்கள். 2019-ல் வெளியான முதல் கட்ட ஆய்வில் 9 பேருக்கு, அதிகபட்சம் 100 கோடி செல் வரை கொடுத்தும் பெரிய பாதுகாப்புச் சிக்கல் எழவில்லை. அடுத்த கட்டத்தில் முதன்மை அளவுகோலான மெல்ட் மதிப்பெண் மாற்றத்தில் தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் செல் பெற்றவர்களிடம் கடுமையான கல்லீரல் சிக்கல்கள் குறைவாக இருந்தன. சிறிய ஆய்வு என்பதால் இதை வெற்றி என்று கொண்டாடவும் மாட்டேன், தோல்வி என்று தள்ளவும் மாட்டேன். நோயாளிக்கு முக்கியம் மதிப்பெண் அல்ல, வயிற்றில் நீர் கோக்காமலும் ரத்த வாந்தி வராமலும் இருப்பதுதானே.

குறைகள்: ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும். ரத்தம் பிரிக்கும் எந்திரத்தில் சில மணி நேரம் இருக்க வேண்டும். இந்தச் செல் பெருகாது என்பதால் எடுத்த அளவுக்குத்தான் கிடைக்கும். உறைய வைத்துச் சேமித்து ஊருக்கெல்லாம் அனுப்புவது எளிதல்ல.

எப்போது நல்லது: காரணம் நின்றுவிட்டது, வடு மட்டும் பழையதாய் இறுகி நிற்கிறது என்ற நிலையில். அறிவியல் காரணத்தால் நான் அதிகம் எதிர்பார்க்கும் வழி இதுவே.

## வழி 6: தோல் செல்லிலிருந்து புதுக் கல்லீரல் செல்

ஐ.பி.எஸ் செல் என்பது தோல் செல் போன்ற முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்தச் செல்லாகவும் மாறக்கூடியதாக ஆக்கியது. ஷின்யா யமனாக்கா 2006-ல் கண்டுபிடித்த, 2012-ல் அவருக்கு நோபல் பெற்றுத் தந்த அந்தச் செல்லை வைத்துக் கல்லீரல் செல் செய்யலாம். 2013-ல் டகானோரி டகேபே குழு சின்னஞ்சிறு கல்லீரல் மொட்டையே உருவாக்கி எலியில் பதித்தது. அழகான வேலை. ஆனால் இது கல்லீரலின் செயல்பாட்டை ஈடுகட்டப் பார்க்கிறது, வடுவைக் கரைப்பதற்கானது அல்ல. இறுகிய வடுவுக்குள் புதுச் செல் குடியேற இடமும் கிடைக்காது. மாறாமல் மிஞ்சிய ஒரு சில செல் கட்டியாக வளரலாம். தயாரிப்புக்கு மாதக்கணக்கு ஆகும். வடு இல்லாத பிறவி வளர்சிதை நோய்களுக்குத்தான் இது பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| வழி | கல்லீரலைச் சேருதல் | நிலைத்தல் | வடு மீதான விளைவு | முக்கிய ஆபத்து | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| சாதாரண செல், கை நரம்பு | குறைவு | சில நாள் | கலவை | குறைவு | திரும்பத் திரும்ப ஏற்றுதல் |
| தமனி வழி | நல்லது | சில நாள் | மனிதரில் ஓரளவு ஆதாரம் | கசிவு, சிறுநீரகம் | குழாய்ச் சிகிச்சைக் குழு |
| போர்ட்டல் சிரை வழி | நல்லது | சில நாள் | கலவை | சிரை அடைப்பு | தொடர் ஸ்கேன் |
| பழக்கிய செல் | பாதையைப் பொறுத்தது | கூடுதல் | விலங்கில் நல்லது | குறைவு | புதிதாகக் கொடுக்க வேண்டிய அவசரம் |
| மரபணு மாற்றியது | பாதையைப் பொறுத்தது | நீண்டது | விலங்கில் மிக நல்லது | புற்றுநோய்க் கவலை | பல ஆண்டுக் கண்காணிப்பு |
| எக்சோசோம் | நல்லது | மிகக் குறைவு | விலங்கில் நல்லது | தரக் கட்டுப்பாடின்மை | பல தடவை ஏற்றுதல் |
| மேக்ரோபேஜ் | நல்லது | மிதமானது | நேரடி நோக்கம், மனித ஆய்வு நடப்பில் | இதுவரை குறைவு | ஆளுக்கு ஆள் தயாரிப்பு |
| ஐ.பி.எஸ் கல்லீரல் செல் | கடினம் | நிச்சயமில்லை | நோக்கமே வேறு | கட்டி | மாதக்கணக்கில் தயாரிப்பு |

"விலங்கில் நல்லது" என்று நான் எழுதியதை அப்படியே நம்பிவிட வேண்டாம். எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சுப் பொருளைக் கொடுத்துச் சில வாரத்தில் உண்டாக்கும் வடு, கொடுப்பதை நிறுத்தினால் தானாகவே பெருமளவு கரைந்துவிடும். மனிதரில் வடு உருவாக இருபது முப்பது ஆண்டுகள் ஆகிறது. கொலாஜன் இழைகளைப் பின்னும் நொதி ஒன்றைத் தடுக்கும் சிம்டுசுமாப் என்ற மருந்து விலங்கு ஆய்வுகள் தந்த நம்பிக்கையோடு மனிதருக்கு வந்து, பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை. மாணவர்கள் ஆய்வு வடிவமைக்கும்போது, நச்சுப் பொருளை நிறுத்திய பிறகு செல் கொடுக்கப்போகிறோமா, நிறுத்தாமலே கொடுக்கப்போகிறோமா என்பதை முதலிலேயே முடிவு செய்து, செல் பெறாத எலிக் கூட்டத்தையும் அதே நாட்களில் திசு எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் இயற்கை செய்த வேலைக்குச் செல் பெயர் வாங்கிவிடும்.

## யாருக்கு எது

ஆரம்ப அல்லது நடுத்தர வடு, காரணம் தெரிந்தது: ஸ்டெம் செல்லே வேண்டாம். ஹெப்பாடைட்டிஸ் சி என்றால் இன்றைய மாத்திரைகள் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களைக் குணப்படுத்துகின்றன. கொழுப்புக் கல்லீரலால் வந்த நடுத்தர, முற்றிய வடுவுக்கு 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, சிரோசிஸுக்கு முந்தைய கட்டம் வரை.

சிரோசிஸ் வந்திருக்கிறது, ஆனால் உடல் சமாளிக்கிறது: ஆய்வில் சேர ஏற்ற நிலை இதுதான். மேக்ரோபேஜ் ஆய்வோ, தமனி வழி மீசென்கைமல் ஆய்வோ கிடைத்தால் மருத்துவரிடம் பேசலாம்.

வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை, குழப்பம் என்று முற்றிவிட்டது: மாற்று அறுவைக்குப் பெயர் பதிவதைச் செல் சிகிச்சைக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நான் பார்த்ததிலேயே பெரிய மறைமுகச் செலவு இதுதான். செல் ஏற்றிவிட்டு "மூன்று மாதம் பார்ப்போம்" என்று காத்திருக்கும்போது மாற்று அறுவையைத் தாங்கும் உடல்நிலையே போய்விடுகிறது.

ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவருக்குத் திடீர்ச் செயலிழப்பு: இங்கே கணக்கு வேறு. சீனாவில் 110 பேரிடம் நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்வில், வேறொருவரின் மஜ்ஜைச் செல்லைக் கை நரம்பு வழியாக வாரம் ஒருமுறை நான்கு வாரம் கொடுத்தபோது 24 வார உயிர்பிழைப்பு 73.2 சதவீதம். கொடுக்காதவர்களிடம் 55.6. தொற்றினால் இறந்தவர்களும் குறைவு. இந்த நன்மை வீக்கம் தணிந்ததால் வந்திருக்கலாம், வடு கரைந்ததால் என்று சொல்ல முடியாது. அங்கே விலையுயர்ந்த தமனிப் பாதை இல்லாமலே சாதாரண முறை வேலை செய்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

## கையெழுத்துப் போடும் முன்

மேலே உள்ள எதற்கு ஒப்புக்கொண்டாலும், கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இது பதிவு செய்த ஆய்வா, பதிவு எண் என்ன? யாருடைய செல், எந்தத் திசுவிலிருந்து, எத்தனை முறை பெருக்கியது? உருக்கிய பிறகு உயிருள்ள செல் எத்தனை சதவீதம், அதை ஏற்றும் நாளன்றே எனக்குக் காட்டுவீர்களா? வடு குறைந்ததா என்று எந்தெந்த அளவுகளால் பார்ப்பீர்கள், யார் பார்ப்பார்கள்? ஏற்றிய பிறகு கட்டி வருகிறதா என்று எத்தனை ஆண்டு கவனிப்பீர்கள், அந்தச் செலவு யாருடையது? மாற்று அறுவைப் பட்டியலில் என் இடம் இதனால் பாதிக்கப்படுமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நல்ல கூடம் என்றால் அந்த எண்ணை உடனே சொல்லும், ஏனென்றால் அன்று காலைதான் யாரோ ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து நீலமான செல்களையும் நீலமாகாத செல்களையும் ஒவ்வொன்றாக எண்ணியிருப்பார்.